சன்மார்க்க அன்பில் தொடங்கிய மாலைப்பள்ளியை அறக்கட்டளையாகப் பதிவு செய்வது எப்படி?

கடலூர் மாவட்டத்தில், வடலூரிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஒரு சிற்றூரில், நாங்கள் ஆறு பேர் ஞாயிறுதோறும் கஞ்சி வார்த்து வந்தோம். கஞ்சிக்கு வந்த பிள்ளைகளில் சிலர் சாப்பிட்ட பின்பும் திண்ணையிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலைப்பள்ளியும், படிப்பை நிறுத்திவிட்ட இளைஞர்களுக்குத் தட்டச்சு மற்றும் கணினிப் பயிற்சியும் தொடங்கலாம் என்ற எண்ணம் வந்தது. அதுவரை நன்கொடை முழுவதும் எங்களில் ஒருவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கில்தான் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி ஒரு நாள், "இதெல்லாம் உங்கள் வருமானம் என்று வரிக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.

அறக்கட்டளை பதிவு செய்துவிட்டால் மூன்றே மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தோம். 2023 ஆகஸ்டில் தொடங்கிய வேலை 2025 ஜூலையில்தான் முடிந்தது. அந்த 23 மாதங்களில் ஏறக்குறைய பாதி எங்கள் அறியாமையால் வீணானவை. நீங்கள் வள்ளலார் வழியினராக இருந்தாலும், தேவாலயத்தின் இளைஞர் குழுவாக இருந்தாலும், பள்ளிவாசலை ஒட்டிப் படிப்பகம் நடத்துபவராக இருந்தாலும், சமய உணர்வால் தொடங்கும் பொதுப்பணிக்குச் சிக்கல் வரும் இடங்கள் ஒன்றேதான். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லம் நடத்துவது வேறு சட்டங்களுக்கு உட்பட்டது என்பதால் அதைப் பற்றி ஒன்பதாம் படியில் ஒரு வரி மட்டும் சொல்கிறேன்.

ஒரு முன்குறிப்பு: நான் சொல்லும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உரியவை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது என்பதாலும், அதில் எண்கள் வேறு என்பதாலும், எண்ணை மனப்பாடம் செய்வதைவிட ஒவ்வொரு படியிலும் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வடிவம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ச் சங்கமாகப் பதியலாம். அதற்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும், பொதுக்குழு கூட்டி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் விவரம் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவின் கீழ் லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதியலாம். பெரிய நிறுவனங்களிடம் நிதி கேட்கப் போகிறவர்களுக்கு அது நல்லதுதான், ஆனால் ஆண்டுச் செலவு சிறு குழுவுக்குத் தாங்காது. மூன்றாவது, அறக்கட்டளை. நிறுவனர் ஒருவர், அறங்காவலர்கள் சிலர், ஒரு பத்திரம், இவ்வளவு போதும்.

அறக்கட்டளையில் தேர்தல் கிடையாது என்பதே அதன் வசதி. அதுவே அதன் ஆபத்தும்கூட. ஒரே குடும்பத்தினர் அறங்காவலர்களாக அமர்ந்துவிட்டால் பின்னால் கேள்வி கேட்க ஆளில்லை. எனவே உறவினர் இருவருக்கு மேல் கூடாது என்று நாங்களே எழுதி வைத்துக்கொண்டோம்.

2. நோக்கப் பத்தியை நீங்களே எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பத்திர எழுத்தரிடம் ஆயத்தமாக ஒரு மாதிரி இருக்கும். அதில் பெயரையும் முகவரியையும் மாற்றி, "உங்கள் நோக்கம் என்ன?" என்று கேட்டு, நீங்கள் சொல்வதை அப்படியே ஒரு பத்தியாக நுழைத்துவிடுவார். எங்கள் பத்திரத்தின் தலைப்பில் "அருட்பெருஞ்ஜோதி" என்று இருந்தது, அதில் குற்றமில்லை. குற்றம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. "சன்மார்க்கக் குடும்பங்களைச் சேர்ந்த மாணவ மாணவியரின் கல்வி மற்றும் ஒழுக்க முன்னேற்றத்துக்காக" என்று நாங்கள் பெருமையோடு சொல்லி எழுத வைத்த வரி அது. திண்ணையில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படிப்பட்ட குடும்பத்தவரே அல்லர் என்பதுகூட அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

வருமான வரிச் சட்டத்தின் 13(1)(பி) பிரிவுப்படி, குறிப்பிட்ட ஒரு சமயச் சமூகத்தின் அல்லது சாதியின் நலனுக்காக ஏற்படுத்தப்பட்ட அறப்பணி அறக்கட்டளைக்கு வரி விலக்கு கிடைக்காது. நன்கொடையாளருக்குச் சலுகை தரும் 80ஜி பிரிவும் அதே நிபந்தனையை விதிக்கிறது. அதாவது, சமய உணர்வு உங்களை இயக்கலாம். பயன் பெறுகிறவர் யார் என்பதை அது வரையறுக்கக் கூடாது. "சாதி, சமய, பாலின வேறுபாடின்றிப் பொதுமக்கள் அனைவருக்கும்" என்ற சொற்கள் நோக்கப் பத்தியின் முதல் வரியிலேயே இருக்கட்டும். "வள்ளலாரின் ஜீவகாருண்ய நெறியைப் பின்பற்றி" என்ற தொடர் முன்னுரைப் பகுதியில் இருப்பதற்குத் தடை ஒன்றும் வரவில்லை. எங்கள் திருத்திய பத்திரத்தில் அது இன்றும் இருக்கிறது.

இதே காரணத்தால் வழிபாடு, பூசை, திருவிழா, கோயில் திருப்பணி போன்றவற்றைக் கல்வி நோக்கத்தோடு ஒரே பத்திரத்தில் கலக்காதீர்கள். 80ஜி பெற்ற அமைப்பு ஓர் ஆண்டில் தன் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் சமயச் செலவு செய்யக் கூடாது. தைப்பூசத்துக்கு எங்கள் ஊரிலிருந்து வடலூருக்கு வேன் பிடித்துப் போகும் செலவை முதல் ஆண்டில் அறக்கட்டளைக் கணக்கில் எழுதப் பார்த்தோம், ஆடிட்டர் தடுத்துவிட்டார். இப்போது அதற்குத் தனியாக வசூல், தனி நோட்டு. அன்னதானம் எந்தப் பக்கம் சேரும் என்று பலர் கேட்கிறார்கள். வருகிறவர் எவராயினும் உணவு என்றால் அது ஏழைகளுக்கான உதவி. விழாவின் ஒரு சடங்காக நடந்தால் கேள்வி வரும். செலவுச் சீட்டில் "பூசச் செலவு" என்று எழுதாமல், எத்தனை பேருக்கு எந்த நாளில் உணவு என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

நாங்கள் செய்த தவற்றைப் பதிவு முடிந்த பன்னிரண்டாம் நாள் ஆடிட்டர் கண்டுபிடித்தார். வரித்துறைக்கு இன்னும் விண்ணப்பிக்காத நிலை என்பதால், நிறுவனரும் அறங்காவலர்களும் மறுபடி சார்பதிவாளர் அலுவலகம் சென்று பிழைத்திருத்தல் பத்திரம் பதிவு செய்து தப்பித்தோம். வரி விலக்குப் பதிவு கிடைத்த பிறகு நோக்கத்தை மாற்றினால், 30 நாட்களுக்குள் வரித்துறைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சில நேரங்களில் நீதிமன்றம் வரை போக நேரிடும்.

3. பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டிய மற்ற ஷரத்துகள்

அறக்கட்டளை மீளப் பெற இயலாதது என்ற ஷரத்து கட்டாயம். பின்னால் வரும் படிவத்தில் இதை ஒரு தனிக் கேள்வியாகவே கேட்கிறார்கள். அறக்கட்டளை கலைந்தால் எஞ்சிய சொத்து இதே போன்ற நோக்கமுள்ள, வரி விலக்குப் பதிவு பெற்ற வேறொரு அறக்கட்டளைக்குச் சேரும் என்றும், நிறுவனருக்கோ அறங்காவலருக்கோ அவர்தம் உறவினருக்கோ பங்கு போகாது என்றும் எழுத வேண்டும். கணக்காண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, நிதி முழுவதும் இந்தியாவுக்குள்ளேயே செலவாகும், வங்கிக் கணக்கை இருவர் கூட்டாக இயக்குவர், கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும், ஓர் அறங்காவலர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை எப்படி நியமிப்பது, பத்திரத்தைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு எந்த வரம்போடு என்பவையும் வேண்டும். இந்தக் கடைசி ஷரத்து இல்லாமல் போயிருந்தால் எங்கள் பிழையைத் திருத்துவது இன்னும் கடினமாகியிருக்கும்.

பெயர் வைக்கும்போது தேசத் தலைவர் பெயர், "இந்திய", "தேசிய" போன்ற சொற்கள், அரசுத் தொடர்பு இருப்பது போன்ற தோற்றம் ஆகியவற்றைத் தவிருங்கள். 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். பெயரை ஒரே எழுத்துக்கோப்பில் உறுதி செய்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்பதைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். எங்கள் பெயரில் வரும் "சன்மார்க்க" என்ற சொல்லைப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் பான் அட்டையில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியதால், வங்கியில் மட்டும் மூன்று வாரம் போயிற்று.

4. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள்

பதிவுத்துறையின் இணையதளத்தில் விவரங்களை ஏற்றி, கட்டணத்தை இணையத்திலேயே செலுத்தி, டோக்கன் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நிறுவனர், அறங்காவலர்கள் எல்லோருடைய ஆதார், பான், புகைப்படம். அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள். அலுவலக முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டு உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதம், அதோடு அந்த வீட்டின் அண்மைய மின் கட்டண ரசீது அல்லது வீட்டு வரி ரசீது. மின் இணைப்பு உரிமையாளரின் இறந்துபோன தந்தை பெயரில் இருந்தால், உறவைக் காட்டும் ஆவணம் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். எங்களுக்கு அதற்காகவே ஒரு நாள் வீணாயிற்று.

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் எவ்வளவு என்பதைப் பதிவுத்துறை இணையதளத்தில் அன்றன்று பார்த்துக்கொள்ளுங்கள். 2024இல் பல வகை ஆவணங்களுக்கு முத்திரைத் தீர்வை உயர்த்தப்பட்டதால், அதற்கு முன் பதிவு செய்தவர்கள் சொல்லும் தொகை இன்று பொருந்தாது. தொடக்க நிதியாக நாங்கள் 5,000 ரூபாய் காட்டினோம். நிலத்தையோ கட்டடத்தையோ அறக்கட்டளைக்கு எழுதி வைப்பதாக இருந்தால் தீர்வைக் கணக்கே வேறு. முதலில் பணத்தோடு தொடங்கிவிட்டு, நிலத்தைப் பிறகு தனிப் பத்திரமாகச் சேர்ப்பது எளிது.

அசையாச் சொத்து இல்லாத அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேடுகளில் நான்காம் புத்தகத்தில் பதியப்படுகிறது. அந்தப் புத்தகத்தின் நகலைப் பத்திரத்தில் தொடர்புடையவர்கள் மட்டுமே கேட்டுப் பெற முடியும் என்பதால், அசலை வாங்கிய அன்றே இரண்டு சான்றிட்ட நகல்களுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அசலைப் பக்கம் பக்கமாக, முத்திரைகள் தெரிய, வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். இனி ஒவ்வொரு படியிலும் அதைத்தான் கேட்பார்கள்.

5. பான் எண்ணும் வங்கிக் கணக்கும்

அறக்கட்டளையின் பெயரில் 49ஏ படிவத்தில் பான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் நாங்கள் செலுத்தியபோது 107 ரூபாய். கவனிக்க வேண்டியது இரண்டுதான். அறக்கட்டளை தொடங்கிய நாள் பத்திரத்தின் தேதியோடு ஒத்திருக்க வேண்டும்; விண்ணப்பதாரர் வகையில் "டிரஸ்ட்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பான் எண்ணின் நான்காவது எழுத்து ஆங்கில "டி" என்று வந்திருந்தால் சரி. வேறு எழுத்து வந்திருந்தால் உடனே நிறுத்தித் திருத்துங்கள்.

வங்கிக்குப் பத்திரம், பான், கணக்கு தொடங்கும் தீர்மானத்தின் நகல், இயக்குபவர்களின் அடையாள ஆவணங்கள் வேண்டும். வரி விலக்குப் பதிவு கையில் இல்லாத அறக்கட்டளைக்குச் சேமிப்புக் கணக்கு தர முடியாது, நடப்புக் கணக்குதான் என்று சில கிளைகள் சொல்லும். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, குறைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். கணக்கு திறக்கும் வரை வரும் நன்கொடையை வாங்காமல் இருப்பதே நல்லது.

6. தர்ப்பண் எண்

தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் பதிவு இலவசம். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். பத்திரம், பான், நிர்வாகிகள் மூவருடைய பான் மற்றும் ஆதார் விவரங்கள் இருந்தால் போதும். அரசு மானியத்துக்கும் பெரும்பாலான நிறுவன நிதிக்கும் இந்த எண்ணை முதலில் கேட்கிறார்கள்.

7. தற்காலிக வரி விலக்குப் பதிவு

வருமான வரித் தளத்தில் அறக்கட்டளையின் பான் எண்ணில் கணக்கு தொடங்கும்போது, மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் அறங்காவலர் ஒருவருடையதாக இருக்கட்டும். ஆடிட்டர் அலுவலகத்தின் முகவரியைக் கொடுப்பதுதான் வழக்கம், கொடுக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில் வருகிறது.

பணி இன்னும் தொடங்காத அறக்கட்டளை 10ஏ படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 12ஏபி பதிவுக்கு ஒன்று, 80ஜிக்கு ஒன்று என இரண்டு தனி விண்ணப்பங்கள். 12ஏபி அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்கு தருவது. 80ஜி நன்கொடையாளருக்குச் சலுகை தருவது. அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. விண்ணப்பத்தின் முதற்பக்கத்தில் பிரிவுக் குறியீடு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலான நிராகரிப்புகளின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று எங்கள் இரண்டாவது ஆடிட்டர் சொன்னார். எங்களுக்கு ஒரு மாதத்துக்குள் தனித்த பதிவு எண்ணோடு உத்தரவு வந்துவிட்டது. அதில் எந்த மதிப்பீட்டு ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று இருப்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இது மூன்றாண்டுக்கான தற்காலிகப் பதிவு மட்டுமே. "80ஜி வந்துவிட்டது" என்று ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

8. முறையான பதிவு: காலம் போன இடம்

பணி தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்னதாக, இவ்விரண்டில் எது முந்தியதோ அதற்குள் 10ஏபி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாண்டு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுவதுதான் பெரும்பாலோர் விழும் குழி. எங்கள் மாலைப்பள்ளி 2024 ஜனவரி 26, தைப்பூசத்துக்கு மறுநாள் தொடங்கியது. ஆகவே ஜூலைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜூனிலேயே விண்ணப்பித்துவிட்டோம், நிம்மதியாக இருந்தோம்.

செப்டம்பரில் சென்னையிலுள்ள விலக்குகள் பிரிவு ஆணையர் அலுவலகத்திலிருந்து கேள்விப் பட்டியல் வந்திருக்கிறது. அது தபாலில் வராது. தளத்தின் உள்ளே ஏறும், மின்னஞ்சலில் அறிவிப்பு வரும். அந்த மின்னஞ்சல் எங்கள் அப்போதைய ஆடிட்டர் அலுவலகத்தில் வேலையை விட்டுப்போன ஓர் உதவியாளரின் பெயரில் இருந்தது. பதிலளிக்கக் கொடுத்த நாள் கடந்தது, நினைவூட்டலும் கடந்தது. டிசம்பரில் நானே தற்செயலாகத் தளத்துக்குள் நுழைந்தபோது நிராகரிப்பு உத்தரவைப் பார்த்தேன். 10ஏபி நிராகரிக்கப்பட்டால் தற்காலிகப் பதிவும் சேர்ந்தே போய்விடும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியும் உண்டு; நாங்கள் செலவைப் பார்த்துப் புதிதாக விண்ணப்பித்தோம். இடைப்பட்ட மாதங்களில் நன்கொடை தந்தவர்களுக்கு 80ஜி சான்று தர முடியாது என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வாரம் ஒரு முறை, ஒரே நாளில், தளத்துக்குள் நீங்களே நுழைந்து பாருங்கள். ஞாயிறு கஞ்சி இறங்கியதும் கைபேசியை எடுத்துவிடுவது என் வழக்கம்.

அவர்கள் கேட்பவை இவைதான்: பத்திரமும் திருத்தப் பத்திரமும், அறங்காவலர் பட்டியல், தொடக்கம் முதலான வரவு செலவுக் கணக்கு, வங்கிப் பட்டியல், செலவுச் சீட்டுகள், நன்கொடையாளர் பட்டியல், செய்த பணி பற்றிய குறிப்பும் புகைப்படமும், பயனாளிகள் விவரம், கட்டடத்தை எந்த உரிமையில் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கான ஆவணம். எங்களிடம் கூடுதலாக ஒன்று கேட்டார்கள். பெயரில் "சன்மார்க்க" என்று இருக்கிறதே, பயனாளிகள் அனைவரும் ஒரே நெறியினரா என்பது அது. அதற்குப் பதிலாக வருகைப் பதிவேட்டையும், எந்த வேறுபாடும் பாராமல் சேர்ப்பதாக நாங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தையும், திருத்திய நோக்கப் பத்தியையும் இணைத்தோம். சேர்க்கைப் படிவத்தில் சாதி, சமயக் கட்டமே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினோம். வாதம் எதுவும் எழுதவில்லை; ஆவணத்தின் பக்க எண்ணை மட்டும் ஒவ்வொரு பதிலிலும் குறித்தோம். ஏழாம் மாதம் உத்தரவு வந்தது.

முறையான பதிவு பொதுவாக ஐந்தாண்டுக்கு. 2025 ஏப்ரலிலிருந்து, ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாய்க்கு மிகாத அமைப்புகளின் சில வகை விண்ணப்பங்களுக்கு 12ஏபி பதிவைப் பத்தாண்டுக்குத் தருகிறார்கள். 80ஜிக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே இரண்டும் வெவ்வேறு நாளில் முடியலாம்.

9. பிள்ளைகள் வரும் இடம் என்பதால்

எந்த அலுவலகமும் எங்களிடம் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் பதிவுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது. பாடம் எடுக்க வரும் தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் காவல்துறையின் இணையச் சேவை வழியாக நன்னடத்தைச் சரிபார்ப்பு வாங்குங்கள். "நம்ம பையன்தானே" என்ற சொல் இங்கே செல்லாது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், அவசரத் தொடர்பு எண், மாலையில் பிள்ளை யாரோடு வீடு திரும்பும் என்ற குறிப்பு ஆகியவை சேர்க்கைப் படிவத்திலேயே இருக்கட்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனி அறையில் இருக்கும் நிலை வரக் கூடாது. எங்கள் வாடகை வீட்டில் உள் அறையின் கதவையே கழற்றிவிட்டோம்.

பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். ஊருக்குள் பேசித் தீர்த்துவிடலாம் என்று மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளின் கண் மட்டத்தில் எழுதி வையுங்கள். வரித்துறைக்குத் தரும் புகைப்படங்களைப் பின்புறமிருந்து, முகம் தெரியாமல் எடுத்தோம், அவற்றை ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தங்க வைப்பதாக இருந்தால் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக உரிமம் கேட்கும். அது இல்லாமல் ஓர் இரவுகூடத் தங்க வைக்காதீர்கள்.

10. ரசீதும் உண்டியலும்

ரசீதில் வரிசை எண், அறக்கட்டளையின் பெயர், முகவரி, பான், 80ஜி பதிவு எண்ணும் நாளும், தந்தவரின் பெயர், முகவரி, பான் ஆகியவை வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் தந்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. அரிசி மூட்டை, நோட்டுப் புத்தகம் போன்ற பொருளுக்கும் கிடையாது. எங்கள் ஊர் அரிசி ஆலைக்காரருக்கு இதைப் புரிய வைக்க இரண்டு முறை போக வேண்டியிருந்தது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் மனத்தாங்கல் வராது.

கோயில் வழக்கப்படி ஓர் உண்டியல் வைக்கலாமே என்று தோன்றும். முழுக்கச் சமயப் பணிக்கான அமைப்புக்குப் பெயரில்லா நன்கொடை சிக்கலில்லை. உங்களுடையதோ பொது அறப்பணி அமைப்பு. அதற்குப் பெயரில்லா நன்கொடை ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 விழுக்காடு வரி. சிறு தொகைக்கும் பெயர், முகவரி எழுத ஒரு நோட்டை உண்டியல் பக்கத்தில் கட்டி வைத்தோம். தொடக்கத்தில் முகம் சுளித்தவர்களும் இப்போது தாமே பேனாவை எடுக்கிறார்கள்.

11. வெளிநாட்டிலிருந்து வரும் அன்புப் பணம்

எங்கள் ஊர்க்காரர் ஒருவர், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர், கணினி வாங்க 50,000 ரூபாய் அனுப்புகிறேன் என்று கணக்கு எண் கேட்டார். கொடுக்கவில்லை. வெளிநாட்டுக் குடிமகனிடமிருந்து, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவரானாலும், ஒரு ரூபாய் வாங்குவதற்கும் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு அல்லது முன்அனுமதி வேண்டும். பதிவுக்கு மூன்றாண்டு அனுபவமும் அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். பணம் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் வந்து சேர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது இதில் சேராது. அவருடைய கடவுச்சீட்டின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

12. ஆண்டுதோறும் வரும் தேதிகள், ஆகும் செலவு

வரி விலக்கு தொடர வேண்டுமானால் அந்த ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்காகச் செலவு செய்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அதற்கான படிவத்தைக் காலத்தில் தாக்கல் செய்து சேர்த்து வைக்க அனுமதி பெற வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கணக்கில் ஏறாது. மளிகைக் கடைக்கும் சமையல் பாத்திரக் கடைக்கும் வங்கி வழியாகவே கொடுங்கள். விலக்குக் கணக்கிடும் முன் வருமானம் வரி விதிக்கப்படாத அடிப்படை வரம்பைத் தாண்டினால் தணிக்கை அறிக்கை கட்டாயம். அதைப் பொதுவாகச் செப்டம்பர் 30க்குள்ளும், வருமான அறிக்கையை அக்டோபர் 31க்குள்ளும் தர வேண்டும்.

எங்கள் நோட்டின்படி, அரசுக் கட்டணம் நீங்கலாக, பத்திர வரைவுக்கு 4,500, பிழைத்திருத்தலுக்கு 3,000, பான் மற்றும் இரண்டு 10ஏ விண்ணப்பங்களுக்கு 8,000, முதல் 10ஏபிக்கு 10,000, இரண்டாவதற்கு வேறோர் ஆடிட்டரிடம் 6,000, ஆக 31,500 ரூபாய். இதில் 9,000 ரூபாய், நோக்கப் பத்தியின் ஒரு வரிக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கும் நாங்கள் கொடுத்த விலை.

எல்லாவற்றையும்விட எளிதில் மறந்துபோவது மே 31. முந்தைய நிதியாண்டில் 80ஜியின் கீழ் வாங்கிய ஒவ்வொரு நன்கொடையின் விவரத்தையும் அன்றைக்குள் 10பிடி படிவத்தில் ஏற்றி, தளம் உருவாக்கும் 10பிஇ சான்றைப் பதிவிறக்கி நன்கொடையாளருக்குத் தர வேண்டும். நாங்கள் அடித்துக் கொடுக்கும் ரசீது மட்டும் அவருக்குப் போதாது. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் அவருடைய சலுகை நின்றுபோகும் என்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலேயே பட்டியலைத் தாளில் அச்சிட்டு, கஞ்சிக்கு வருபவர்களிடம் நேரிலும் மற்றவர்களிடம் தொலைபேசியிலும் ஒவ்வோர் எழுத்தாக வாசித்துச் சரிபார்க்கிறோம்.